வரம்பம்மைக்கு எந்தப் பக்கம் முகம்

பங்குனி 9, வெள்ளி

இது நடக்கும் என்று நான் முன்னமே சொல்லிவிட்டேன். மலைப்பாதையைப் பூட்டிய அன்றைக்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "பாத்துக்கிட்டே இருங்கவே, அவங்களே வந்து திறப்பாங்க" என்றேன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவருக்குக் காது கேட்காது. அதற்காகச் சொன்னது சொல்லாததாகிவிடுமா?

இன்று வனத்துறை ரேஞ்சர் அம்மா எங்கள் ஆனைக்கல்புதூருக்கே வந்து சொன்னார்கள். சித்திரைப் பௌர்ணமிக்குப் பாதையைத் திறக்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. நாங்களும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற முளங்காட்டுக்காரர்களும் வரம்பம்மை கதையை ஒரே கதையாகச் சொல்ல வேண்டும். ஒரே பாட்டாகப் பாட வேண்டும். "ரெண்டு கதை இருந்தா ரெண்டு சண்டை. இந்தத் தடவையும் ஒத்து வரலைன்னா பாதை நிரந்தரமா மூடிரும், அதுக்கப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார்கள்.

வெளியூர்க்காரன் எவனாவது இதைப் படித்தால் விளங்க வேண்டுமே, அதனால் எழுதுகிறேன். வரம்பம்மை என்பவள் மலை உச்சியில், இரண்டு மாநிலத்துக்கும் நடு வரப்பில், நட்டமாக நிற்கிற ஒரு கல். ஆள் உயரம். மூக்கு முழி கிடையாது. சித்திரைப் பௌர்ணமிக்கு நாங்கள்தான் கிழக்குப் பக்கம் மஞ்சளைக் குழைத்துக் கண் எழுதுவோம். முளங்காட்டார் மேற்குப் பக்கம் சந்தனத்தால் எழுதுவார்கள். எங்கள் கண்ணுக்கு அவர்கள் எழுதியது பிடரியில் எழுதிய கண். அவர்கள் கண்ணுக்கு எங்களது அப்படி. எங்கள் வில்லுப்பாட்டில் அவள் இந்த ஊர்ப் பெண், அங்கே வாக்கப்பட்டு, மாமியார் கொடுமை தாங்காமல் மலையேறி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கல்லாய் நின்றவள். அவர்கள் பாட்டிலும் இதே கதைதான், ஊர் மட்டும் மாறியிருக்கும். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில், ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காதபடி பாடுவதுதான் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் செண்டை மேளம் ஒன்று பறந்து வந்தது, எங்கள் வில்லுப்பாட்டுக் குடம் ஒன்று பறந்து போனது, நடுவில் நின்ற வனக்காவலர் நெற்றி பிளந்தது. பாதைக்குப் பூட்டு விழுந்தது.

நான் ஆவுடையப்பன். எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவில் 'ஆமா' போடுகிறவன். கதை பாடுகிற தலைவர் அண்ணாவி. அவர் ஒரு வரி சொன்னால் நான் "ஆமா" என்பேன். அந்த ஆமாவில்தான் கதையே நிற்கிறது என்பது சங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், ஆக ஒன்பது வகுப்பு.

என் வீட்டுக்காரி தேவகியிடம் செய்தியைச் சொன்னேன். பரணிலிருந்து பழைய ரப்பர் செருப்பை எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தாள்.

பங்குனி 10, சனி

எலுமிச்சை பறிப்பு. முள் குத்தியதில் கை பலாப்பழம் மாதிரி இருக்கிறது. எனக்கு வலி தெரியாது, பார்க்கிறவர்களுக்குத்தான் வலிக்கும்.

மத்தியானம் அண்ணன் மகள் செண்பகவல்லி வந்தாள். திருநெல்வேலியில் கல்லூரி வாத்தியார். எல்லை ஓரத்துக் கதைகளாகத் தேடித்தேடிச் சேர்க்கிறாள். பொதுக் கதையை எழுதித் தரச் சொல்லி ரேஞ்சர் அம்மா இவளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"எழுதுறது பெரிசில்ல சித்தப்பா. நான் போன எல்லா மலையிலயும் இதே கூத்துதான். இந்தப் பக்கம் நல்லவன்னா அந்தப் பக்கம் கெட்டவன். எல்லைக் கோடு கிழிச்ச இடத்துல கதையும் ரெண்டா கிழிஞ்சிருது."

"நான் தைச்சுத் தாரேன்" என்றேன்.

"ஊசி இருக்கா?" என்றாள். வாய் அப்படியே அவள் அம்மா.

தேவகி முளங்காட்டுப் பெண் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன். அவளுடைய அக்கா பார்கவி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள். மலைப்பாதையில் போனால் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். பஸ்ஸில் என்றால் கொண்டை ஊசி வளைவு சுற்றி ஒரு முழு நாள். தேவகிக்குக் காதுக்குள் நரம்புக் கோளாறு. பஸ் வளைந்தால் மயங்கி விழுந்துவிடுவாள். ஒரு தடவை போய், வழியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்தோம். பாதை பூட்டியதிலிருந்து அக்காவும் தங்கையும் போனில்தான். நான் கதை விஷயத்தில் இறங்கியது இதற்காக இல்லை, ஊர் நன்மைக்காக.

பங்குனி 14, புதன்

உச்சியில் முதல் பேச்சுவார்த்தை. என் வாழ்க்கையில் இப்படியொரு வெற்றியை நான் கண்டதில்லை. முடிவு மட்டும் சரியாக வரவில்லை.

எங்கள் பக்கம் தர்மகர்த்தா சங்கரபாண்டி, செண்பகவல்லி, நான். அவர்கள் பக்கம் குட்டப்பன் ஆசானும் நாலு பேரும். ஆசான் அவர்கள் பாட்டைப் பாடுகிறவர், ஒல்லி, கோபம் மட்டும் குண்டு. மூன்று வருஷ மழையில் கல்லில் இருந்த கண்ணெல்லாம் கழுவிப் போயிருந்தது. ரேஞ்சர் அம்மா, "முதல்ல இதைச் சொல்லுங்க. அம்மனுக்கு முகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். எங்கள் கைகள் கிழக்கே நீண்டன, அவர்கள் கைகள் மேற்கே நீண்டன.

நான் யோசித்தேன். நிற்பதால்தானே முகமும் முதுகும்? எழுந்து, "அம்மன் நிக்கவே இல்ல. அசந்து படுத்துட்டா. தலை கிழக்க, கால் மேற்க" என்றேன்.

எங்கள் தர்மகர்த்தாவே கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டோடா!" என்று குட்டப்பன் ஆசான் துள்ளினார். "ஓய் ஆவுடையப்பா! கால நீட்டினது எங்கட முகத்துக்கா? தலை நிங்களுக்கு, பாதம் எங்களுக்கா?"

"பாதம் கும்பிடத்தானவே!"

"அப்போள் பாதம் நிங்கள் எடுத்துக்கோ. தலை இங்கோட்டுத் தா!"

அதற்கு எங்கள் தர்மகர்த்தா சம்மதிக்கவில்லை. ஊருக்கு நேரே காலை நீட்டிப் படுப்பது இரண்டு பக்கமும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆழம் பார்க்கத்தான் சொன்னேன். ஆசான் வேட்டியை மடித்துக் கட்டினார். ரேஞ்சர் அம்மா விசிலை ஊதினார்கள். "வர்ற சனிக்கு அடுத்த சனி கடைசி. அன்னைக்கும் இப்படின்னா பௌர்ணமியும் இல்ல, பாதையும் இல்ல."

இறங்கும்போது செண்பகவல்லி, "ஊசி குத்திருச்சு போல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தேவகி கேட்டது ஒன்றுதான்: "நடக்குமா?" நடக்கும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள்.

பங்குனி 18, ஞாயிறு

ஆட்டுக்குக் கழிச்சல். வேப்பிலை அரைத்துக் கொடுத்தேன். இப்போது அது என்னையே முட்டுகிறது, அதாவது குணமாகிவிட்டது.

பார்கவி போன் பண்ணினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. தேவகி, "சேச்சி, சாப்பிட்டியா? சேச்சி, கேக்குதா?" என்று கத்திக்கொண்டே வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். பிறகு சிக்னல் போய்விட்டது.

சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் கொல்லையில் மேற்கே மலையைப் பார்த்து நின்றாள். துணி மத்தியானமே காய்ந்துவிட்டது. தினமும் இப்படித்தான் நிற்கிறாளாம், நான் இன்றைக்குத்தான் கவனித்தேன்.

"என்னத்தப் பாக்க?"

"ஒண்ணுமில்ல. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல நானா ஒரு கணக்கு வச்சிருந்தேன். காலைல வாசல்ல கோலம் போட்டு நிமுந்தா மூஞ்சில வெயிலு. அப்போ உங்க வீட்டு மருமக. சாயந்தரம் இங்க வந்து நின்னா எங்க மலை. அப்போ எங்க அம்மைக்கு மக. அப்படி நினைச்சாத்தான் அன்னைக்கு நாள் ஓடும்."

"இப்பவுமா?"

"போங்க, உலையில தண்ணி கொதிக்கும்."

பங்குனி 19, திங்கள்

மோட்டார் ரிப்பேர். ஒற்றைக்கண் பண்டாரம் பாடியது இன்று விடியக்காலம் திடீரென்று ஞாபகம் வந்தது.

பங்குனி 20, செவ்வாய்

செண்பகவல்லியிடம் சொன்னேன். நான் டவுசர் போட்ட காலத்தில், ஊர் ஊராகப் பாடிக்கொண்டு ஒரு பண்டாரம் வருவார். ஒற்றைக்கண். தோளில் ஒரு கிளி. வரம்பம்மை கதையை இரண்டு ஊரிலும் இல்லாத மாதிரி அவர்தான் பாடினார். எனக்கு அது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

அவள் போனில் பதிவு பண்ணப் போனவள், கையைக் கீழே இறக்கிவிட்டாள். "முதல்ல சும்மா சொல்லுங்க சித்தப்பா, கேப்போம்."

சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"பண்டாரம் பேரு என்ன?"

"பண்டாரத்துக்குப் பேரு எதுக்கு?"

"கிளிக்கு?"

"அதுக்கும் ஒரு கண்ணு இல்ல" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"நல்ல கதை சித்தப்பா. பண்டாரம் பேசுற தோரணை அப்படியே நம்ம சித்தி மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே தேவகி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படித்த பிள்ளைகள் எதையாவது சொல்லும். கடைசியில், "இது உங்க வாயாலயே வரட்டும். நான் எழுதிக் கொண்டுபோனா காகிதம்தான் பேசும்" என்றாள்.

பங்குனி 24, சனி

இன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

உச்சிக்கு இரண்டு ஊரிலிருந்தும் ஐம்பது அறுபது பேர் வந்துவிட்டார்கள். ஐந்நூறு என்றும் சொல்லலாம். ஆசான் வந்ததும், "இன்னைக்கு அம்மைய எப்படிக் கிடத்தப் போறீர் ஓய்?" என்றார். அவர்கள் பக்கம் சிரிப்பு. எங்கள் பக்கத்திலும் ரெண்டு பேர் சிரித்தார்கள், பெயர் குறித்து வைத்திருக்கிறேன்.

இருபது வருஷம் அடுத்தவன் கதைக்கு ஆமா போட்ட வாய் இது. கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பண்டாரத்தை முதலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒற்றைக்கண், கிளி, கால் நொண்டி. பிறகு கதை.

வரம்பம்மைக்கு இரண்டு வீடு. ஒன்று பிறந்தது, ஒன்று புகுந்தது. எது எது என்று பண்டாரம் சொல்லவில்லை, கேட்டதற்கு அடிக்க வந்தார். ஒரு வீட்டில் இருந்தால் இன்னொரு வீட்டு ஞாபகம். போனால் வந்த வீட்டு ஞாபகம். நடந்து நடந்து பாதம் தேய்ந்து, மலை உச்சியில் நின்று அவள் சூரியனிடம் கேட்டாளாம்: நீ மட்டும் எப்படி ரெண்டு பக்கமும் போற? சூரியன் சொன்னானாம்: நான் போகலை தாயே, திரும்பிக்கிடுதேன். அன்றையிலிருந்து அவள் நடப்பதை விட்டாள். காலையில் கிழக்கே பார்ப்பாள். உச்சி சாய்ந்ததும் மேற்கே திரும்பிவிடுவாள். காலையில் எங்களுக்கு மகள், முளங்காட்டுக்கு மருமகள். சாயங்காலம் முளங்காட்டுக்கு மகள், எங்களுக்கு மருமகள். அவள் யாருக்கும் முதுகு காட்டியவள் இல்லை. நாம்தான் அவளைப் பாதி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்.

சொல்லி முடித்தேன். ஒருத்தர் வாயையும் காணோம். ஆமா போட ஆள் இல்லாத கதை எப்படித் தொங்கும் என்று எனக்குத்தானே தெரியும். தர்மகர்த்தா தரையைப் பார்க்கிறார். ரேஞ்சர் அம்மா விசிலைக் கையில் உருட்டுகிறார்கள். நான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், காற்று அதிகம்.

குட்டப்பன் ஆசான் மெதுவாக எழுந்தார். கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அந்தப் பண்டாரத்த எனக்கு நல்லா அறியும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எங்கட வீட்டுக்கும் வந்திட்டுண்டு. எங்கட அச்சன் மூணு நாள் சோறு கொடுத்து வச்சிருந்து. நொண்டி நொண்டித்தான் வரும். வலது கண்ணு இல்லா. இந்தப் பாட்டுத்தான் பாடும்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எங்கள் வில்லுப்பாட்டுக்காரன் மாதிரியே ராகம் போட்டு நீட்டினார்: "ஆமா!"

அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆமா, ஆமா என்று வந்தது. ரேஞ்சர் அம்மா எழுதிக்கொண்டார்கள். காலையில் நாங்கள் கிழக்கே கண் எழுதுவது. மத்தியானம் இரண்டு ஊரும் சேர்ந்து மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவது. சாயங்காலம் அவர்கள் மேற்கே எழுதுவது. ஆக, அன்றைக்கு முழுக்க ரெண்டு ஊரும் ஒரே இடத்தில் இருந்து சாப்பிட்டாக வேண்டும்.

ஆசான் என் தோளைத் தட்டி, "எந்தொரு ஓர்மை ஓய் நிங்களுக்கு!" என்றார். ஞாபகசக்தி குடும்பத்தில் வருவது என்றேன்.

பங்குனி 29, வியாழன்

செண்பகவல்லியும் ஆசானும் போனிலேயே பாட்டுக் கட்டுகிறார்கள். ஒரு வரி தமிழ், ஒரு வரி மலையாளம். ஒரு ஊர் இன்னொரு ஊரைத் திட்டுகிற வசைப்பாட்டை முழுக்க எடுத்துவிட்டால் ருசி போய்விடும் என்று ஆசான் அடம். கடைசியில் ஒரு ஏற்பாடு: அவர்கள் ஊரை அவர்களே திட்டிக்கொள்வது, எங்கள் ஊரை நாங்களே திட்டிக்கொள்வது. எங்கள் ஊரைத் திட்ட வரிகள் நிறையச் சேர்ந்துவிட்டன.

சித்திரை 1, ஞாயிறு

வருஷப் பிறப்பு. தேவகி பெரிய பீங்கான் பரணி நிறைய எலுமிச்சை ஊறுகாய் போட்டு வாயைத் துணியால் கட்டினாள்.

"ஆமா, பண்டாரத்துக்கு எந்தக் கண்ணு இல்ல?" என்று கேட்டாள்.

"இடது."

"ஆசான் வலதுன்னாராமே?"

"அவரு அந்தப் பக்கத்துல இருந்துல்லா பாத்திருக்காரு."

அவள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. மிளகாய் நெடி போல.

சித்திரை 5, வியாழன்

பாதையில் முள்ளும் புதரும் வெட்ட ஊரே போனோம். நடுவழியில் யானைச் சாணம், ஆவி பறந்தது. மற்றவர்கள் திரும்பிவிடலாம் என்றார்கள். நான்தான் முன்னால் நடந்தேன், அந்த இடத்தில் பாதை இறக்கம், கால் நிற்கவில்லை.

சித்திரை 10, செவ்வாய், பௌர்ணமி

பூட்டைத் திறந்தார்கள். இருட்டோடு ஏறினோம். தேவகி எனக்கு முன்னால் போனாள். அறுபதை நெருங்குகிறவள், ஊறுகாய்ப் பரணி இடுப்பில், ஆடு மாதிரி ஏறினாள். நான் பின்னால் வந்தது பாதுகாப்புக்காக.

சூரியன் கிளம்பும்போது தர்மகர்த்தா கிழக்கே கண் எழுதினார். முதல் வெயில் மஞ்சளில் பட்டதும் கல் என்னைப் பார்த்தது. என்னை மட்டும். முளங்காட்டுப் பெண்கள் குரவை இட்டார்கள், எங்கள் அம்மனுக்கு அவர்கள்! எங்கள் பெண்களுக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாவியும் ஆசானும் மாறி மாறிப் பாடினார்கள். இரண்டு பேருக்கும் ஆமா போட்டவன் ஒருவன்தான்.

மத்தியானம்தான் யாரும் நினைக்காத இடி. மஞ்சள் தண்ணீர் தயார். ஆனால் எழுதிய கண்ணை அழிப்பது யார்? இதுவரை அம்மன் கண்ணை மழைதான் அழித்திருக்கிறது, மனுஷக் கை அழித்ததில்லை. தர்மகர்த்தா பின்வாங்கினார். "என் பேரப்புள்ளைகளுக்கு எதும் ஆச்சுன்னா?" ஆசானும், "நிங்கள் எழுதின கண்ணு, நான் தொடில்லா" என்றுவிட்டார். வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. கிழக்கே கண் இருக்கும்போது மேற்கே எழுதினால் பழையபடி பிடரிக் கண், பழைய சண்டை. அங்கங்கே முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு மூலையில் ஒருவன் செண்டையைத் தூக்கி மடியில் வைத்தான். ரேஞ்சர் அம்மா விசிலை வாயருகே கொண்டுபோனார்கள்.

என்ன செய்வது என்று நான் கடுமையாக யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தேவகி எழுந்து போனாள்.

"தள்ளுங்க. நான் உங்களுக்கு மக, இவங்களுக்கு மருமக. என்னை யாரு கேக்கப் போறா?"

தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் கல்லின் முகத்தில் விட்டாள். முந்தானையால் துடைத்தாள். குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரி, பயமே இல்லாமல். "கொஞ்சம் பொறுத்துக்க. இந்தா திரும்பிரலாம்" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது.

பிறகு ஒவ்வொரு பெண்ணாக எழுந்து வந்து தண்ணீர் விட்டார்கள். எந்த ஊர்ப் பெண் எவள் என்று தெரியவில்லை.

(நான்தான் அவளுக்குக் கண்ஜாடை காட்டினேன்.)

சாயங்காலம் ஆசான் மேற்கே சந்தனக் கண் எழுதினார். சூரியன் இறங்கி, வெயில் நேராக அதில் விழுந்தது. எங்கள் ஊர் பிறந்த நாளாக அவளுடைய அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. தர்மகர்த்தா சுற்றிப் போய் நின்று, "ஏய், இங்கயும் அழகாத்தானய்யா இருக்கா" என்றார்.

ரேஞ்சர் அம்மா கூட்டத்தின் நடுவில் வந்து சொன்னார்கள்: இனி வருஷா வருஷம் பாதை திறக்கும். இன்றைக்கு அந்தப் பக்கம் இறங்குகிற உறவுக்காரர்கள் பத்து நாள் கழித்து வனக்காவலரோடு திரும்பலாம்.

தேவகி முளங்காட்டுக் கூட்டத்தோடு இறங்கினாள். "ஆட்டுக்குத் தண்ணி வைங்க. புளியைக் கம்மியா கரைங்க" என்றாள். வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன். கண்ணில் தூசி, உச்சியில் காற்று அதிகம் என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

சித்திரை 12, வியாழன்

நானே வைத்த ரசம். ஆடு கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தேவகி போன் பண்ணினாள். பின்னால் பார்கவி சிரிக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து இல்லை. தேவகி வாசல்படியில் கால் வைத்ததும் அக்கா படுக்கையிலிருந்து எழப் பார்த்தாளாம். இன்று காலை தங்கை தோளைப் பிடித்து, கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்துவிட்டாள். ஊறுகாய்ப் பரணியில் பாதி காலி.

"இங்க எல்லாரும் பண்டாரத்தைப் பத்தித்தான் பேசுதாங்க. ஆசான் அவருக்கு உச்சியில ஒரு விளக்கு வைக்கப் போறாராம். சேச்சியும் நேந்துக்கிட்டா, எந்திரிச்சு நடந்தா அவருக்கு ஒரு வேட்டி எடுத்து வைக்கிறேன்னு. இப்ப நடந்துட்டா, அதனால வேட்டி எடுக்கணும்."

"எடுங்க, எடுங்க. நல்ல காரியம்."

"அதான் கேக்கேன். உங்க அளவுக்கே எடுத்துரவா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வைத்தாள். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். ஐம்பது பேர், ஐந்நூறு பேர் விஷயத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். யானைச் சாணத்தில் ஆவி பறக்கவில்லை. மற்றதெல்லாம் சத்தியம், ஒன்றைத் தவிர. அப்படி ஒரு பண்டாரம் கிடையாது. இடது கண்ணும் இல்லை, வலது கண்ணும் இல்லை, கிளியும் இல்லை. நான்தான் உண்டாக்கினேன். இதை இனி வெளியே சொல்லவும் வழியில்லை, குட்டப்பன் ஆசானின் அப்பா அவருக்கு மூன்று நாள் சோறு போட்டிருக்கிறார்.